ஓர்லிகோனில் மவுஸ் பிடிக்கப் பழகியது

போன சனிக்கிழமை பழுதாய்ப்போன ரைஸ் குக்கர் ஒன்றை எறிவதற்காக எங்கள் பகுதிச் சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். சுவிசில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த நாட்டில் ஒரு பொருளை வாங்குவது லேசு, எறிவதுதான் பாடு. போத்தலுக்கு ஓர் இடம், அதிலும் பச்சைக்கு வேறு, மண்ணிறத்துக்கு வேறு. வயர் உள்ள சாமான்களுக்கு ஒரு பெரிய கம்பிக் கூடை வைத்திருக்கிறார்கள். குக்கரை அதற்குள் இறக்கப் போனபோது மூலையில் ஒரு குவியல் மவுஸ் கிடந்தது. ஏதோ ஒரு கந்தோரின் கொம்பியூட்டர் மேசைகளைத் துப்புரவாக்கிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை இழுத்தெடுத்துப் புரட்டிப் பார்த்தேன். வயிற்றுக்குள் உருண்டை இருந்தது. பழைய சாதி.

அதை மூக்கருகே கொண்டுபோனேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த மணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சூடேறிய பிளாஸ்டிக், தூசி, பல பேருடைய உள்ளங்கை வியர்வை. செம்மஞ்சள் அங்கி போட்ட வேலையாள் என்னைப் பார்த்துவிட்டு, விருப்பமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னார். வேண்டாம் என்று திரும்பப் போட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுக்க அந்த மணம் விரலில் இருந்தது.

எனக்கு அந்த மணம் என்றால் நகரத்தின் ஓர்லிகோன் பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. கீழே சைக்கிள் திருத்துகிற கடை, மேலே கொம்பியூட்டர் வகுப்பு. என்னை அங்கே அனுப்பியது வேலை தேடிக் கொடுக்கிற அலுவலகம். அதற்கு முன் பல வருடம் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. மேசை விரிப்புகளை நீராவி அயன் பண்ணுவதுதான் என் பங்கு. சூடு பட்டுப் பட்டு விரல் நுனிகள் தடித்துப்போய், கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைக்கூட வெறுங்கையால் தூக்குவேன். பிறகு அந்த ஹொட்டேல் துணிகளை வெளியே கொடுத்துத் தோய்ப்பிக்கத் தொடங்கியது. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கைகொடுத்து அனுப்பினார்கள்.

அலுவலகத்தில் என் ஆலோசகர் கேட்டார், கொம்பியூட்டர் தெரியுமா என்று. வீட்டில் இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. மகனுடைய அறையில் இருந்தது. நான் அதற்குத் தூசி தட்டுவேன்.

வகுப்பாசிரியையின் பெயர் ஃப்ராவ் அம்மான், அதாவது திருமதி அம்மான். சுவிசில் அது சாதாரணமான பெயர்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் பார்த்தால் எங்களுக்கு அது அம்மன். முதல்நாள் கதவிலே ஒட்டியிருந்த பெயரை எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மன்ட சந்நிதிக்குத்தான் அனுப்பியிருக்காங்க புள்ள. செருப்பக் கழட்டணுமோ தெரியாது."

அதுதான் மலர் அக்கா. மட்டக்களப்புக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது கூட. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. குளிக்க வார்த்தது, மருந்து கொடுத்தது எல்லாவற்றையும் இனிமேல் கொம்பியூட்டரில் பதிய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. அதனால் அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் வேறு தமிழர் இல்லை. ஒரு மேசையில் இரண்டு பேராக இருந்தோம்.

ஃப்ராவ் அம்மான் மெலிந்த, நரைத்த பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல் பாடம் மவுஸ். நான் அதை அயன் பெட்டி பிடிப்பதுபோல முழுக்கையாலும் அமுக்கிப் பிடித்து, மேசையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழுத்தேன். திரையில் அம்புக்குறி எங்கேயோ ஓடி ஒளிந்தது. மேசை முடிந்துவிட்டது, அம்புக்குறி இன்னும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மவுஸை மேசைக்கு வெளியே அந்தரத்தில் கொண்டுபோனேன். ஃப்ராவ் அம்மான் வந்து என் மணிக்கட்டைத் தொட்டுக் கீழே இறக்கினார்.

"நூத் சோ ஃபெஷ்ட்," என்றார். இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பருவம் முழுக்க அவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

இரட்டைக் கிளிக் இன்னும் மோசம். என் விரலுக்கு முதல் அமுக்கலுக்கும் இரண்டாம் அமுக்கலுக்கும் இடையில் யோசிக்க நேரம் தேவைப்பட்டது. மலர் அக்காவுக்கு அது உடனே வந்துவிட்டது. "கதவு தட்டுற மாதிரித் தட்டுங்க," என்று சொல்லித் தந்தா. "எங்கட இல்லத்துல உள்ள கிழவிமாருக்கு ஒருக்காத் தட்டினாக் கேக்காது. ரெண்டு தரம் தட்டோணும்."

பிறகு, இழுத்து விடுகிற பாடம். ஒரு பொருளை அமுக்கிப் பிடித்தபடியே இழுத்து, வேண்டிய இடத்தில் விரலை விட வேண்டும். அதைப் பழக்க ஃப்ராவ் அம்மான் எங்களுக்குச் சீட்டு விளையாட்டைத் திறந்து கொடுத்தார். பச்சைப் பின்னணியில் தனியாளாக விளையாடுகிற சீட்டு. சிவப்பு ஒன்பதைக் கறுப்புப் பத்தின் மேல் வை, ராசாவை வெறும் இடத்துக்குக் கொண்டுபோ. வளர்ந்த மனிதர்கள் பகல் நேரத்தில், அரசாங்க ஏற்பாட்டில், வரிசையாக இருந்து காட்ஸ் விளையாடினோம். அப்பா பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அது வன்னியில் சண்டை முடிந்த வருடம்.

என் தங்கச்சி கௌரி அங்கே இருந்தாள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போனவள். புருசன் பள்ளிக்கூட வாத்தியார். முதலில் கிளிநொச்சியிலிருந்து எழும்பி விசுவமடுவுக்குப் போயிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது, பிறகு புதுக்குடியிருப்பு என்று வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வீட்டில் ரீவி எந்த நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் வேலை முடிந்து வந்தால் சப்பாத்தையும் கழற்றாமல் அதற்கு முன்னால் இருப்பார். லீவு கிடைத்த நாட்களில் ஊர்வலத்துக்குப் போவார். நான் வகுப்புக்குப் போனேன். வரவு பதிவார்கள், போகாவிட்டால் காரணம் காட்ட வேண்டும். என்ன காரணம் என்று எழுதுவது?

இதை வாசிக்கிற நீங்கள் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கலாம். அழவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவும் வரவில்லை. பசி வரும், சாப்பிடுவேன். நித்திரையும் வந்தது. சனங்கள் என்னைப் பார்த்துக் கண்கலங்கினால் அவர்களை ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது. சூட்டுக்குப் பழகின விரலில் ஊசி குத்தினால் குத்துவது தெரியும், நோவது தெரியாது. உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்ன நாளும் வகுப்பு இருந்தது. சீட்டு விளையாட்டில் அன்றுவரைக்கும் நான் வென்றதில்லை. அன்று சிவப்பும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே போய் இருந்தன. கடைசி ராசாவை வைத்ததும் சீட்டுகள் எல்லாம் திரைக்குள் துள்ளித் துள்ளி விழத் தொடங்கின. அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எதையோ உடைத்துவிட்டேன் என்று கையை எடுத்துவிட்டேன். ஃப்ராவ் அம்மான் பின்னால் நின்று கைதட்டினார். மற்றவர்களும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மலர் அக்கா மட்டும் தட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"வெளியால போவமா புள்ள?"

"எங்க போறது, அக்கா?"

"சும்மா. படியில போய் இருப்பம்."

போய் இருந்தோம். கீழே சைக்கிள் கடையில் யாரோ சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மலர் அக்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னது அன்றுதான். தொண்ணூறுகளில் ஒருநாள் சந்தைக்குப் போனவன். அவனுடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, இருந்ததெல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டதாம். "முகத்த நெனச்சுப் பாக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. என்ட மகன்ட முகத்துல தேடுவன். சில நேரம் இரிக்கும்," என்றா. அதைச் சொல்லும்போது அவவின் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. வானிலை சொல்கிற குரல்.

திரும்பி வந்தபோது ஃப்ராவ் அம்மான் என் கதிரையில் இருந்தபடி என் மவுஸின் உருண்டையைக் கழற்றிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் இலங்கையிலிருந்து வந்தவர், இல்லையா?" என்றார். ஓம் என்றேன். இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று நின்றேன். கேட்கவில்லை. உருண்டையைப் போட்டு மூடி, ஒருதரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது நன்றாக ஓடும்," என்றார்.

சில கிழமைகள் கழித்து இணையப் பாடம் வந்தது. உங்களுக்கு விருப்பமான எதையாவது தேடுங்கள் என்று ஃப்ராவ் அம்மான் சொன்னார். முன்வரிசைப் போர்த்துக்கேயர் தன் உதைபந்தாட்டக் குழுவைத் தேடினார். எனக்கு விருப்பமான எதுவும் ஞாபகம் வரவில்லை. மலர் அக்காவின் மகன் வீட்டில் பார்க்கிற ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தின் பெயர் அவவுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினா. இங்கத்தைய விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம் மாறிக் கிடக்கும், அதனால் பக்கம் முதலில் வரவில்லை. திருத்தி அமுக்கியதும் வந்தது.

சண்டைக்குள்ளிருந்து வந்த சனங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் எடுத்த படங்கள். கூடாரங்கள், முட்கம்பி, வரிசைகள். நான் உருட்டிக்கொண்டே போனேன். ஒன்றில் கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். நீலச் சட்டை, கையில் வாளி. முகம் பாதி திரும்பியிருந்தது. தலைமயிரை ஒருபக்கமாக இழுத்து முடிந்திருந்தாள். ஒரு பாதத்துக்கு மேல் மற்றப் பாதத்தை வைத்து நின்றாள். கௌரி அப்படித்தான் நிற்பாள். சின்ன வயதிலிருந்தே.

மலர் அக்காவின் கை என் கைக்கு மேல் வந்தது. "தெரிஞ்ச ஆளா?"

நான் வாய் திறப்பதற்குள் ஃப்ராவ் அம்மான் வந்துவிட்டார். கழுத்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யார் இது?"

"மைனே ஷ்வெஸ்டர்," என்றேன். என் சகோதரி.

தமிழில் எனக்கே இன்னும் நிச்சயமில்லாத ஒன்றை ஜேர்மனில் சொல்லிவிட்டேன். பிழையில்லாத வாக்கியம். ஃப்ராவ் அம்மான் என் கையிலிருந்து மவுஸை மெதுவாக வாங்கி, படத்தைப் பெரிதாக்கினார். முதலில் முகம் கிட்ட வந்தது. இன்னும் பெரிதாக்க, முகம் போய்ச் சின்னச் சின்னச் சதுரங்கள் மிஞ்சின. மண்ணிறம், கறுப்பு, கொஞ்சம் நீலம். திரும்பவும் சிறிதாக்கினார். அப்போது மட்டும்தான் அவள் ஒரு ஆளாக இருந்தாள். அதற்குப் பிறகு ஃப்ராவ் அம்மான் யாரிடமும் கேட்காமல் கந்தோர் அறைக்குப் போய், அந்தப் படத்தைத் தடித்த தாளில் நிறமாக அச்செடுத்துக்கொண்டு வந்து தந்தார். தாள் ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது.

வீட்டில் என் கணவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கௌரி இவ்வளவு உயரமில்லையப்பா."

"மெலிஞ்சால் உயரமாத் தெரியும்."

அவர் படத்தை என் கையில் திருப்பித் தந்தார். சாமித்தட்டில் வைக்கத்தான் நினைத்தேன். ரெலிபோனில் மலர் அக்கா மறித்துவிட்டா. "உசிரோட இரிக்கிறவங்கட படத்தச் சாமிக்குப் பக்கத்துல வைக்காதீங்க புள்ள." அதனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். பாலெடுக்கும்போதும் கறி வைக்கும்போதும் அவளைப் பார்ப்பேன். சில நேரம் அவளுக்குச் சொல்வேன், இண்டைக்குப் புதுச் சொல்லொண்டு பழகினன் எண்டு. சந்தோசம் என்று ஒன்று வந்ததா என்றால், இல்லை. அவள் இருக்கிறாள் என்பது ஒரு தகவலாக இருந்தது. அது காணும், போதும் என்று இருந்தது.

இலை உதிர்காலத்தில் ஒரு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் கௌரி."

"ஓம்," என்றேன்.

"கேக்குதோ?"

"கேக்குது. சொல்லு."

"இவர் இல்லையக்கா."

நான் மடித்த துவாயைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தேன். எப்ப என்று கேட்டேன். சொன்னாள். காலில் பட்ட காயத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் ஏற்றினார்களாம். மாதக்கணக்காக அங்கேதான் கிடந்தாளாம். இப்போது வவுனியாவில் புருசனின் மாமி வீட்டில் இருக்கிறாள்.

"நீ முகாமில நிண்ட படம் என்னட்ட இருக்கு," என்றேன். "நீலச் சட்டையோட. வாளியும் கையுமா."

அவள் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் முகாமுக்கே போகேல்லை, அக்கா. என்னாலை நிக்கவே ஏலாது அப்ப."

அன்று பின்னேரம் என் கணவர் படத்தருகே போய் நின்றார். "இனி இதை எடுக்கலாம்தானே?" என்றார். இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. எடுக்கக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் வகுப்பில் மின்னஞ்சலோடு படம் இணைத்து அனுப்பும் பாடம் நடந்து முடிந்திருந்தது. மற்றவர்கள் பூ, பூனை என்று அனுப்பிப் பழகினார்கள். நான் அந்தப் படத்தைத் திரும்பத் தேடி எடுத்து, வவுனியாவில் ஒரு கடையின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். வாழ்க்கையில் நான் ஒருவருக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சல் அது. கௌரி ஊன்றுகோலோடு கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தாள்.

"ஆரெண்டு தெரியேல்லை, அக்கா. என்னை மாதிரித்தான் நிக்கிறா."

"ஓம், அப்படித்தானே?"

"ஆனா ரெண்டு வாளி வச்சிருக்கிறா. தனி ஆளெண்டால் ஒண்டு காணும். அவவுக்கு ஆரோ இருக்கினம்."

இத்தனை மாதம் பார்த்தும் நான் வாளியை எண்ணிப் பார்த்ததில்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். இரண்டு வாளிதான். ஒன்று மூடி போட்டது. அப்போதுதான் அழுகை வந்தது. கௌரிக்காகவா, அவள் புருசனுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று இன்றுவரைக்கும் தெரியாது. சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்ததும் நின்றுவிட்டது. பிறகு நெடுங்காலத்துக்கு வரவில்லை.

வகுப்பு முடிந்து சான்றிதழ் தந்தார்கள். மலர் அக்காவின் சிபாரிசில் அவவின் முதியோர் இல்லத்திலேயே எனக்குத் துணிப்பகுதியில் வேலை கிடைத்தது. யாருடைய உடுப்பு எந்த அறைக்கு என்று கொம்பியூட்டரில் பதிகிற வேலை. இரண்டு விரலால்தான் இன்றைக்கும் அடிக்கிறேன். எல்லாருடைய மேசையிலும் இப்போது வயரில்லாத, உருண்டையில்லாத மவுஸ். பெயர்த்திகளுக்கு அதுவும் தேவையில்லை, கண்ணாடியைத் தடவுகிறார்கள்.

அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். ட்ராமில் போகும்போது பார்ப்பேன், இரண்டாம் மாடியில் யாரோ செவ்வந்தி வளர்க்கிறார்கள். ஃப்ராவ் அம்மான் ஓய்வுபெற்றுப் போன பிறகு எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மலர் அக்கா ஷாஃப்ஹவுசனில் மகனோடு இருக்கிறா, நல்லநாள் பெருநாளுக்குக் கதைப்போம். கௌரி வவுனியாவிலேயே இருக்கிறாள். கால் தாங்கித் தாங்கி நடக்கிறாள். பழையதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

அச்செடுத்த படம் குசினிச் சூட்டில் வருடா வருடம் வெளிறியது. முதலில் கம்பி மறைந்தது, பிறகு சட்டையின் நீலம். வீடு மாறிய நேரத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டியை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு போயிருக்க வேண்டும். பெட்டிகளெல்லாம் பிரித்துப் பார்த்தேன், இல்லை. அந்தச் செய்திப் பக்கமும் இப்போது இல்லை. முகவரியை அடித்தால், பக்கம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று ஜேர்மனில் வருகிறது.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, கண்ணை மூடி அந்தப் படத்தில் நின்றவளுடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். பாதி திரும்பிய முகம். ஒவ்வொரு தடவையும் கௌரியின் முகம்தான் வந்தது. கௌரி இருக்கிறாள், அவளை இன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டுப் பார்க்கலாம். மற்றவளின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.